டெக்சஸ் சில்லி, ராஜ்மா போட்டு: வீட்டிலேயே செய்யும் முறை

சில்லி என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது சில்லி சிக்கன், இல்லையென்றால் சில்லி பரோட்டா. நான் சொல்லப்போவது வேறு. டெக்சஸில் கனமான சட்டியில் மாட்டுக்கறியையும் காய்ந்த மிளகாய் விழுதையும் போட்டு, இரண்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகவிட்டு இறக்கும் கெட்டிக் குழம்பு. முழுப் பெயர் சில்லி கான் கார்னே. ஸ்பானிய மொழியில் 'கறி சேர்த்த மிளகாய்' என்று அர்த்தம். பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள், மிளகாய் சேர்த்த கறி என்று சொல்லவில்லை, கறி சேர்த்த மிளகாய் என்கிறார்கள். அதாவது மிளகாய்தான் இங்கே குழம்பு. இந்த ஒன்று பிடிபட்டுவிட்டால் மீதிச் சமையல் நமக்குக் கைவந்ததுதான், வதக்குவது, அரைப்பது, எண்ணெய் பிரியவிடுவது எல்லாம் நாம் தினமும் செய்கிற வேலை.

எனக்கு அது பிடிபட ஒரு முழுச் சட்டி வீணாக வேண்டியிருந்தது. ஹியூஸ்டனுக்கு வந்த முதல் குளிர்காலம், எங்கோ எழுதி வைத்த குறிப்பில் 'சில்லி பவுடர் 3 மேசைக்கரண்டி' என்று இருந்தது. ஊரிலிருந்து அம்மா திரித்துக் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள் டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதையே மூன்று கரண்டி அள்ளிப் போட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார்கள், நாங்களும் சாப்பிட முடியவில்லை, ஒரு கிலோ கறி குப்பைக்குப் போனது. அப்புறம்தான் தெரிந்தது, அமெரிக்கக் கடையில் சில்லி பவுடர் என்று விற்பது நம் மிளகாய்த்தூளே இல்லை. அது ஒரு கலவைப் பொடி. காரம் குறைந்த மிளகாய், சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள், பல சமயம் உப்பும் சேர்த்து இருக்கும். நம் சாம்பார் பொடி எப்படி வெறும் மிளகாய் கிடையாதோ அப்படி. 1890களில் டெக்சஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் இருந்த ஜெர்மன் குடியேறி வில்லியம் கெப்ஹார்ட் என்பவர் காய்ந்த ஆஞ்சோ மிளகாயைப் பொடித்து விற்க ஆரம்பித்தார், வருஷம் முழுக்க எல்லா வீட்டிலும் சில்லி வைக்க வழி பிறந்தது அப்படித்தான். ஆகவே ஆங்கிலக் குறிப்பு எதையாவது பார்த்துச் செய்தால், சில்லி பவுடர் என்ற இடத்தில் நம் வீட்டுத் தூளை அதே அளவில் போடவே போடாதீர்கள்.

பொடியை விட்டுவிட்டு முழு மிளகாயை வறுத்து ஊறவைத்து அரைத்துச் செய்வதைத்தான் நான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் ருசியில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நம் குழம்பில் மல்லியும் தேங்காயும் என்ன செய்கின்றன? குழம்புக்கு ஒரு கனம், ஒரு உடம்பு கொடுக்கின்றன. சில்லியில் அந்த வேலையை மிளகாய்ச் சதை செய்கிறது. ஒரு கிலோ கறிக்கு 80, 90 கிராம் காய்ந்த மிளகாய் போகும். குண்டூர் மிளகாயை அந்த அளவுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம், அதனால்தான் காரம் குறைந்த, சதைப்பற்றான மிளகாய்கள் வேண்டும்.

முக்கியமானவை இரண்டு. ஆஞ்சோ என்பது பொப்லானோ என்ற பெரிய பச்சை மிளகாயைப் பழுக்கவிட்டுக் காயவைத்தது. உள்ளங்கை அகலம், கருஞ்சிவப்பு, சுருங்கிப் போய் பேரீச்சம்பழத் தோல் மாதிரி இருக்கும், முகர்ந்தால் காய்ந்த திராட்சை வாசனை அடிக்கும். குவாஹியோ இன்னொன்று, நீளமாக, வழவழப்பான சிவப்புத் தோலோடு இருக்கும், லேசான புளிப்பும் நல்ல நிறமும் தரும். இந்த இரண்டிலும் காரம் கொஞ்சம்தான். காரத்துக்கென்று தனியாக சிலே டி ஆர்போல் என்ற ஒல்லி மிளகாய் இரண்டு மூன்று போடுவார்கள், அதற்குப் பதில் நம் நீட்டு மிளகாயே போதும், தனியாக வாங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் இருப்பவர்கள் மெக்சிகன் மளிகைக் கடைக்குப் போங்கள், பைகளில் குவித்து வைத்திருப்பார்கள். டெக்சஸில் என்றால் ஹெச்.இ.பி. கடையிலேயே கிடைக்கும். வாங்கும்போது மிளகாயை வளைத்துப் பாருங்கள், தோல் போல மடங்க வேண்டும். நொறுங்கினால் பழசு, வாசனை போயிருக்கும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது கிடைக்காது, ஆனால் வழி இருக்கிறது. காஷ்மீரி மிளகாய் 20, 25 எடுத்து விதையை உதிர்த்துவிடுங்கள். அதன் தோல் மெல்லிசு, சதை போதாது, அதற்கு ஒரு பெரிய சிவப்புக் குடைமிளகாயை அடுப்புத் தீயில் நேரடியாகக் காட்டி, கத்திரிக்காய் சுடுவது போலவே தோல் கருகும்வரை சுட்டு, தோலை உரித்துவிட்டு மிளகாயோடு சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். ஆஞ்சோவின் இனிப்புக்கு ஐந்தாறு காய்ந்த திராட்சை. சத்தியமாக நன்றாக வரும், விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என் அக்கா வீட்டு அடுப்பில் செய்து பார்த்திருக்கிறேன்.

சரி, மற்ற சாமான்கள். ஆறு பேர் வயிறாரச் சாப்பிடும் அளவு இது. கறி ஒரு கிலோ, சிவப்பு ராஜ்மா ஒரு கப், அதாவது சுமார் 200 கிராம், பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு எட்டுப் பல், பழுத்த தக்காளி இரண்டு, ஆஞ்சோ நாலு, குவாஹியோ நாலு, நீட்டு மிளகாய் இரண்டு, சீரகம் ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த ஓரிகானோ ஒரு தேக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உப்பு, ஒரு எலுமிச்சை, கடைசியில் கெட்டிப்படுத்த மாசா ஹரினா என்ற மெக்சிகன் மக்காச்சோள மாவு இரண்டு மேசைக்கரண்டி. ஓரிகானோவில் மெக்சிகன் என்று போட்டது கிடைத்தால் நல்லது, பீட்சாவில் தூவுவதும் அதுவும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். எதுவுமே இல்லையென்றால் கொல்லைப்புறத்துக் கற்பூரவல்லி இலை இரண்டைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், வாசனை கிட்டத்தட்ட அந்தப் பக்கம் போகும்.

இப்போது ராஜ்மா. சில்லியில் பயறு போடலாமா கூடாதா என்பது டெக்சஸில் பெரிய சண்டை. பயறு போட்டால் அது சில்லியே இல்லை என்பார்கள் அங்கே ஊறியவர்கள். அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவாக 1977இல் சட்டமன்றம் அறிவித்தது இந்தச் சில்லியைத்தான். ஜனாதிபதியாக இருந்த லிண்டன் ஜான்சனுக்கு இது உயிர், செய்முறை கேட்டு அவ்வளவு பேர் எழுதியதால் அவர் மனைவி லேடி பேர்ட் அதை அட்டையில் அச்சடித்தே அனுப்பினார், அந்த அட்டையில் பயறு கிடையாது. 1967இல் பாலைவனத்து ஓரமாக டெர்லிங்குவா என்ற பாழடைந்த சுரங்க ஊரில் முதல் சில்லிச் சமையல் போட்டி நடந்தபோது, நியூயார்க்கிலிருந்து வந்த எழுத்தாளர் ஹெச். ஆலன் ஸ்மித்துக்கும் டெக்சஸ்காரர் விக் ஃபவுலருக்கும் நடந்த மோதலில் பயறும் ஒரு காரணம். கடைசியில் சமம் என்று முடித்தார்கள். டெக்சஸுக்கு வெளியே அமெரிக்கா முழுக்கப் பயறு போட்டுத்தான் செய்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் பிடிக்கும். மிளகாய்க் குழம்பை உறிஞ்சிக்கொண்டு வாயில் மாவாகக் கரையும் ராஜ்மா இல்லாத சில்லி எனக்குப் பாதிச் சில்லிதான். போட்டிக்கா போகப்போகிறோம், வீட்டில் நாலு பேர் பசியாற வேண்டும், கறியும் நீட்டி வரும்.

ராஜ்மாவை முந்தின நாள் இரவே ஊறப்போடுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பைக் கரைத்து அதில் ஊறவைத்தால் தோல் மிருதுவாகும், வெடித்துச் சிதறாமல் முழுசாக வேகும். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு, ஊறவைக்கும் தண்ணீரில் போடும் உப்பு நேர்மாறான வேலையைச் செய்கிறது. புளிப்புதான் உண்மையான எதிரி. தக்காளியோ எலுமிச்சையோ முதலிலேயே சேர்ந்துவிட்டால் தோல் இறுகி, மணிக்கணக்கில் வெந்தாலும் நடுவில் கடுக்கென்று இருக்கும், அதனால் ராஜ்மாவைத் தனியாக வேகவைத்து, கறி வெந்த பிறகு சேர்ப்பதுதான் சரி.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். வேகாத சிவப்பு ராஜ்மாவில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. அரைவேக்காட்டில் நாலைந்து விதை சாப்பிட்டாலே சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும், கொதிக்காமல் வெறும் சூட்டில் கிடந்தால் அழியாது, இன்னும் மோசமாகக்கூடும். ஸ்லோ குக்கர் பல வீடுகளில் இருக்கிறது, அது கொதிநிலையைத் தொடாமலே பல மணி நேரம் ஓடக்கூடியது, பச்சை ராஜ்மாவை நேராக அதில் போடுவது ஆபத்து. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவிட்டு, அப்புறம் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். பிரஷர் குக்கர் என்றால் கவலையே இல்லை, ஐந்து விசில், பத்து நிமிடம் சிறு தீ, ஆவி தானாக அடங்கட்டும். இரண்டு விரலில் அழுத்தினால் வெண்ணெயாக நசுங்க வேண்டும், அதுதான் பதம். டப்பா ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, இரண்டு டப்பா வாங்கி, வடித்து அலசிவிட்டு நேராகப் போடலாம்.

கறிக்கு வருவோம். மாட்டின் தோள்பட்டைக் கறி, அங்கே சக் ரோஸ்ட் என்று கேளுங்கள். நடுநடுவே கொழுப்பும் வெள்ளை ஜவ்வும் ஓடும். அந்த ஜவ்வைப் பார்த்து ஒதுக்காதீர்கள், அதுதான் மெல்ல மெல்ல உருகிக் குழம்புக்கு அந்தப் பசையான கனத்தைக் கொடுப்பது. கொழுப்பில்லாத தொடைக்கறி பார்க்க அழகாக இருக்கும், இரண்டு மணி நேரத்தில் நாராக வறண்டு போகும். மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் ஆட்டுக்கறியில் செய்யுங்கள், கடைக்காரரிடம் முன்னங்கால் சப்பைக் கறியாக, எலும்பு நீக்கித் தரச் சொல்லுங்கள். கோழியில் இதைச் செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், அது வேறு சாப்பாடு.

துண்டுகள் முக்கால் அங்குலத்துக்கு ஒரு அங்குலம் இருக்கட்டும். கறியைக் கழுவுகிறவர்கள் கழுவிவிட்டு, ஒரு துணியிலோ காகிதத் துண்டிலோ ஈரம் போக ஒற்றி எடுங்கள், உப்பைப் பிசறி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், தயிர் எதுவும் வேண்டாம். மஞ்சள் ஒரு சிட்டிகை விழுந்தால்கூட வாசனை நம் ஊர்க் கறிக்குழம்புப் பக்கம் திரும்பிவிடும், இஞ்சியும் அப்படியே.

அந்த அரை மணியில் மிளகாய் வேலையை முடித்துவிடலாம். காம்பைக் கிள்ளி, பக்கவாட்டில் கீறி, விதையையும் உள்நரம்பையும் எடுத்துவிட்டு ஒவ்வொரு மிளகாயையும் புத்தகம் போல விரித்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லை மிதமாகச் சூடாக்கி, எண்ணெய் விடாமல், இரண்டிரண்டாகப் போட்டுக் கரண்டியால் லேசாக அழுத்துங்கள். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது சான் அன்டோனியோவில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயதைத் தாண்டியவர், கடிகாரம் பார்க்கமாட்டார், கல்லுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு நிற்பார். முதல் பத்து விநாடி ஒன்றும் இருக்காது. அப்புறம் மிளகாய்த் தோல் லேசாக உப்பி, ஒரு இடத்தில் நிறம் வெளுத்து, புகையிலையும் கொக்கோவும் கலந்தது மாதிரி ஒரு வாசனை எழும்பும். அந்த நொடியில் திருப்ப வேண்டும், இன்னொரு பக்கம் பத்து விநாடி, எடுத்துவிட வேண்டும். வாசனை காட்டமாகித் தொண்டையைப் பிடித்து இருமல் வந்தால் கருகிவிட்டது என்று அர்த்தம், அந்த மிளகாயைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கருகிய மிளகாயின் கசப்பை எந்த வெல்லமும் மறைக்காது, ஒரே ஒரு மிளகாய் முழுச் சட்டியையும் கெடுக்கும்.

வறுத்ததைக் கொதிநீரில் அமிழ்த்தி, மேலே ஒரு தட்டை வைத்து 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நன்றாக இருந்தால் அதையே விட்டு அரைக்கலாம், கசந்தால் கொட்டிவிட்டு வேறு தண்ணீர். மிக்ஸியில் நாலு பல் பூண்டோடு, சட்னி பதத்தை விட நைசாக, மூன்று நிமிடமாவது ஓடவிடுங்கள். குவாஹியோ தோல் கெட்டியானது, எவ்வளவு அரைத்தாலும் வாயில் நெருடும், அதனால் சல்லடையில் ஊற்றிக் கரண்டியால் தேய்த்து வடித்துக்கொள்வது நல்லது. கிடைக்கும் விழுது செங்கல் நிறத்தில், கெட்டியான தக்காளிச் சாறு மாதிரி வழவழவென்று இருக்கும். சீரகத்தையும் அதே கல்லில் வாசனை வர வறுத்து, இடித்துப் பொடியாக்குங்கள். டப்பாச் சீரகத்தூள் வேண்டாம், நாம்தான் சீரகம் இல்லாத வீடு வைத்திருக்கமாட்டோமே.

அடி கனமான சட்டி இதற்கு முக்கியம், வார்ப்பிரும்பு இருந்தால் அதுவே. எண்ணெயை ஊற்றி, நல்ல தீயில் மெலிதாகப் புகை தெரியும்வரை காயவிட்டு, கறியில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் போடுங்கள், துண்டுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, கறி தண்ணீர் விட்டு, அந்தத் தண்ணீரிலேயே சாம்பல் நிறத்தில் வெந்துபோகும். காதைக் கொடுத்துக் கேளுங்கள், சடசடவென்ற சத்தம் இருக்கும்வரை வறுபடுகிறது, சத்தம் தணிந்து கொதகொதவென்று கேட்டால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. போட்டதும் கிளறாதீர்கள், நமக்குக் கை சும்மா இருக்காது, இருந்தாலும் நாலைந்து நிமிடம் விட்டுவிடுங்கள். அடிப்பக்கம் நல்ல காப்பி நிறத்துக்கு வந்ததும் கறி தானாகவே சட்டியை விட்டுவிடும், அப்போது திருப்புங்கள். இரண்டு பக்கம் சிவந்தால் போதும். எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பங்கு.

மூன்று தடவை முடிந்ததும் சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு அடை பிடித்திருக்கும். அடிப்பிடித்துவிட்டது என்று பயந்து தேய்த்துக் கழுவிவிடாதீர்கள், அதுதான் இந்தக் குழம்பின் ருசி. தீயைக் குறைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை அதிலேயே போட்டு ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் வெங்காயம் விடும் ஈரத்திலேயே அடை இளகி வரும், மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கலந்துவிடுங்கள். கருப்பாகக் கருகியிருந்தால் மட்டும் சட்டியை மாற்ற வேண்டும். வெங்காயம் பொன்னிறமானதும் மீதிப் பூண்டைத் தட்டிப் போட்டு, சீரகப்பொடி, ஓரிகானோ, உடனே மிளகாய் விழுது. இங்கேதான் நம் கைப்பழக்கம் உதவும். அமெரிக்கக் குறிப்புகள் பல, விழுதைப் போட்டதும் தண்ணீர் ஊற்றச் சொல்லும். நான் ஊற்றமாட்டேன். எட்டுப் பத்து நிமிடம் கிளறிக்கொண்டே வதக்கி, நிறம் ஆழமாகி, ஓரத்தில் சிவப்பாக எண்ணெய் பிரிந்து நிற்கும்வரை விட்டால் பச்சை வாசனை முழுக்கப் போய், குழம்பு உருண்டு திரண்டு வரும். தெறிக்கும், கவனம், மூடியைக் கையில் கேடயம் மாதிரி பிடித்துக்கொள்ளுங்கள்.

தக்காளியைத் துருவியோ அரைத்தோ இப்போது சேர்க்க வேண்டும். இரண்டுக்கு மேல் வேண்டாம், தக்காளி கூடினால் அது தக்காளிக் குழம்பாகிவிடும், மிளகாயின் ருசி பின்னால் போய்விடும். தக்காளி சுருண்டதும் வறுத்த கறியையும் தட்டில் ஊறியிருக்கும் சாற்றையும் போட்டு, கறி மூழ்கும் அளவுக்கு வெந்நீர், ஏறக்குறைய நாலு கப். உப்பு இப்போது அரைகுறையாகப் போடுங்கள், வற்றும்போது கூடும். ஒரு கொதி வந்ததும் தீயைக் கடைசி அளவுக்குக் குறைத்து, மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு மூடிவிடுங்கள். நடுவில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் சோம்பலாக வந்து உடைய வேண்டும். தளதளவென்று கொதித்தால் கறி இறுகி நாராகும், ஜவ்வு உருகுவதற்கு அவசரமில்லாத சூடுதான் தேவை. இரண்டு மணியிலிருந்து இரண்டரை மணி நேரம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு ஒரு கிளறு, வற்றினால் அரை கப் வெந்நீர். முதல் ஒரு மணி நேரத்தில் கறி ரப்பர் மாதிரிதான் இருக்கும், பார்த்துவிட்டுக் கலங்காதீர்கள், தீயைக் கூட்டாதீர்கள். ஒன்றே முக்கால் மணிக்கு மேல் திடீரென்று இளக ஆரம்பிக்கும். கரண்டி விளிம்பால் அழுத்தினால் துண்டு இரண்டாகப் பிளக்க வேண்டும்.

நேரமில்லாதவர்கள் குக்கரில் நாலைந்து விசில் விட்டு, பிறகு திறந்தபடி அரை மணி நேரம் சிறு தீயில் சுண்டவிடுங்கள், முக்கால்வாசி ருசி வந்துவிடும். வேலை நாளில் கொத்துக்கறியில் செய்யலாம், அதையும் நன்றாகச் சிவக்க வறுத்துவிட்டு அதே விழுதில் முக்கால் மணி நேரம் வைத்தால் போதும்.

கறி வெந்ததும் வெந்த ராஜ்மாவை வடித்துப் போடுங்கள், அதன் தண்ணீரில் ஒரு கப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குழம்பு கெட்டியானால் அதைத்தான் ஊற்ற வேண்டும். இன்னொரு அரை மணி நேரம் இரண்டும் ஒன்றோடொன்று பழகட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் மாசா ஹரினாவைக் கால் கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். இது சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்த மாவு, டார்ட்டியா என்ற மெக்சிகன் ரொட்டி தட்டுவது இதில்தான், ஒரு மண்வாசனையும் மெல்லிய இனிப்பும் கொடுக்கும். ஊரில் மஞ்சள் மக்காச்சோள மாவை வெறும் வாணலியில் வறுத்துப் போடலாம். வெள்ளையாகப் பாக்கெட்டில் வரும் கார்ன்ஃப்ளார் வேண்டாம், அது வெறும் ஸ்டார்ச், குழம்பு பசை மாதிரி பளபளக்கும். அடுப்பை அணைத்தபின் அரை எலுமிச்சை பிழிந்து, உப்புப் பார்த்து, சிட்டிகை வெல்லம் தேவையென்றால் போடுங்கள். சப்பென்று இருந்தால் பெரும்பாலும் குறைவது உப்பும் புளிப்பும்தான், மசாலா இல்லை. காரம் ஏறிவிட்டால் இன்னும் கொஞ்சம் வெந்த ராஜ்மாவை மசித்துக் கலக்குங்கள், பரிமாறும்போது புளித்த தயிர் ஒரு கரண்டி.

பட்டை, கிராம்பு, கரம் மசாலா போடலாமா என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். டெக்சஸ் முறையில் கிடையாது. ஆனால் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் 1922இல் மாசிடோனியாவிலிருந்து குடியேறிய சகோதரர்கள் ஒரு கடையில் ஆரம்பித்த சில்லியில் பட்டை உண்டு, அதை நூடுல்ஸ் மாதிரி ஸ்பகெட்டி மேல் ஊற்றி, சீஸைத் துருவிக் குவித்துத் தருவார்கள். அதுவும் நல்ல சாப்பாடுதான், ஆனால் அந்த வழியில் போக வேண்டுமென்றால் முழுசாக அந்த வழியில் போங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் இல்லாமல் போகும்.

பரிமாற, சோள ரொட்டி சுடத் தெரிந்தால் அதுதான் உத்தமம். இல்லையென்றால் உப்பு பிஸ்கட், சோளச் சிப்ஸ். மேலே பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயம், துருவிய செடார் சீஸ், ஒரு கரண்டி சவர் கிரீம், விருப்பப்பட்டால் ஹலபீன்யோ என்ற பச்சை மிளகாய்த் துண்டுகள். 1880களில் சான் அன்டோனியோவின் மிலிட்டரி பிளாசாவில் மெக்சிகப் பெண்கள் பொழுது சாய்ந்ததும் மேசை போட்டு, விளக்கேற்றி, கரியடுப்பில் சட்டியை வைத்து இதை விற்றார்கள். சில்லி ராணிகள் என்று பெயர். வீட்டில் சமைத்துக் கொண்டுவந்து நடுராத்திரி தாண்டியும் விற்று, குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக்கென்று ஒரு கடையே போட்டார்கள், ஊர் தாண்டி இந்தப் பேர் பரவியது அதற்கப்புறம்தான். 1930களின் பிற்பகுதியில் சுகாதார விதிகளைச் சொல்லி அந்தப் பெண்களின் மேசைகளை மூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன், பாட்டி என்றார், பாட்டிக்கு அவர் அம்மா. டெக்சஸின் அடையாளம் என்று மேடைகளில் பேசும்போதெல்லாம் இந்தப் பெண்களின் பெயர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

எங்கள் வீட்டில் முதல் நாள் சோள ரொட்டியோடு, இரண்டாம் நாள் சுடுசோற்றில் ஊற்றிப் பச்சை வெங்காயத்தோடு. மீன்குழம்பு மாதிரிதான் இதுவும், மறுநாள்தான் ருசி ஏறும். ஆகவே விருந்தாளி வருகிறார்கள் என்றால் முந்தின நாளே செய்துவிடுங்கள். ஆனால் சட்டியோடு ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே விட்டுவிடக்கூடாது, இவ்வளவு கெட்டியான குழம்பு நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், கெட்டுப்போக அது போதும். அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். ஃபிரீசரில் இரண்டு மூன்று மாதம். காலையில் எடுத்துப் பார்த்தால் மேலே சிவப்பாக ஒரு கொழுப்புப் படலம் உறைந்திருக்கும். அதிகம் என்று தோன்றினால் பாதியைக் கரண்டியால் வழித்து ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொட்டிவிடாதீர்கள், அதில் ஒரு கரண்டி விட்டு முட்டை பொரித்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. மீதியோடு அரை கப் தண்ணீர் விட்டு, சிறு தீயில், அடி பிடிக்காமல் கிளறிக் கிளறிச் சூடாக்கி, சாப்பிடும் முன் இன்னொரு மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள்.